எரர் எதுவும் வரலை சார்!

உங்கள் வண்டி ஆடுகிறது. என்ன செய்வீர்கள்?

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவீர்கள். ஏ.சி. ஹாலில் உட்காரவைத்து டீயா, காபியா என்று கேட்பார்கள். டை கட்டிய தம்பி ஒருவர் கையில் இருக்கும் டேப்லெட்டில் 'வைப்ரேஷன்' என்று ஒரு வார்த்தை தட்டிக்கொள்வார். எந்த ஸ்பீடில்? எப்போதிலிருந்து? ஸ்டியரிங்கில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? கேட்க மாட்டார். அவர் மேல் தப்பில்லை, அந்த டேப்லெட்டில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. சாயங்காலம் போன் வரும்.

"சார், ஸ்கேனர் போட்டுப் பார்த்துட்டோம். எரர் எதுவும் வரலை. எதுக்கும் ஷாக் அப்சார்பர் நாலையும் மாத்திப் பார்த்துடலாமா?"

'எதுக்கும்', 'மாத்திப் பார்த்துடலாமா' - இந்த இரண்டு சொற்களில் என்ன விபரீதம் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உங்கள் டாக்டர், "எதுக்கும் கிட்னியை மாத்திப் பார்த்துடலாமா?" என்று கேட்டால் செருப்பைக் கூடப் போட்டுக்கொள்ளாமல் ஓடிவந்துவிடுவீர்கள். மெக்கானிக் கேட்டால் மட்டும், "சரி, பண்ணிடுங்க" என்கிறோம்.

ஒரு நண்பரின் கதையைச் சொல்கிறேன். வல்லம் வடகாலில் இருக்கிறார். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே சிப்காட் வளைத்துப் போட்ட பூமி. சின்ன அளவில் சிவில் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். புது ஃபாக்டரிகளுக்கு மண் நிரவுவது, காம்பவுண்டு சுவர் எழுப்புவது இப்படி. மழைக்காலத்தில் அந்த ப்ளாட்டுகளுக்குள் காரில் போக முடியாது. களிமண் சக்கரத்தைப் பிடித்தால் கிரேன்தான் வரவேண்டும். அதனால் 2004 மாடல் டீசல் ஜீப் ஒன்றைப் பழசாக வாங்கி வைத்திருக்கிறார். ஃபோர் வீல் டிரைவ். அவருடைய பிழைப்பே அந்த வண்டி மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒருநாள் அந்த ஜீப் நடுங்க ஆரம்பித்தது. 50 கிலோமீட்டர் வரை சமர்த்து. 55-ஐத் தாண்டினால் தரையில் ஒரு கிறுகிறுப்பு. 70-ல் கியர் கம்பி ஜன்னி கண்டதுபோல் உதறும். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும்.

நண்பர் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனார். பெயர் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும். முதல் தடவை வீல் பேலன்சிங், அலைன்மென்ட். ஆட்டம் நிற்கவில்லை. இரண்டாவது தடவை ஷாக் அப்சார்பர் நாலு. நிற்கவில்லை. மூன்றாவது தடவை இன்ஜின் மவுண்டிங், கியர் பாக்ஸ் மவுண்டிங். நிற்கவில்லை. நாலாவது தடவை பின் டயர் இரண்டும் புதுசு. ஊஹூம். மொத்தம் 41,300 ரூபாய். பில்லை என்னிடம் காட்டினார். ஐந்தாவது தடவை அவர்கள் சொன்னதுதான் உச்சம்: "டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிருக்கும் சார். 60 ஆயிரம் ஆகும். இல்லேன்னா வண்டியை ஸ்கிராப்ல குடுத்துட்டு எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்களேன்."

இது நடந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நண்பர் வீட்டு மொட்டைமாடியில் நின்று கல்லெறிந்தால் ஏதாவது ஒரு வாகன கம்பெனியின் கூரையில் விழும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். 2012-ல் டைம்லர் லாரி. 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலேயே இன்னொன்றுமாக ராயல் என்ஃபீல்டு. காரைச் சுவரில் மோதவிட்டுப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையம்கூட ஒரகடத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒரு ஜீப் ஏன் ஆடுகிறது என்று சொல்ல ஆளில்லை. கல்யாண வீட்டில் பட்டினி கிடந்த கதை.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று?

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு பட்டறை. தகரக் கொட்டகை, வேப்பமரம், எண்ணெய் குடித்துக் கறுத்த மண். மேஸ்திரிக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் லாரிகளுக்கு ஜாயின்ட் ஷாஃப்ட் வேலை பார்த்தவர். நண்பரோடு நானும் போயிருந்தேன், வேடிக்கை பார்க்க. மேஸ்திரி பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்பேனரைத் தொடவில்லை. பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேள்வி கேட்டார்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"ரெண்டு ரெண்டரை மாசம் இருக்கும் மேஸ்திரி."

"அதுக்கு முன்ன இன்னா வேலை பாத்தீங்க?"

"ஒண்ணும் இல்லையே... ஆங், கிளட்ச் பிளேட் மாத்தினேன். வீட்டாண்ட ஒரு பையன் மாத்திக் குடுத்தான்."

மேஸ்திரி சிரித்தார். வைத்தியம் அப்போதே பாதி முடிந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியாது.

நாலு தடவை போயும் சர்வீஸ் சென்டரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இதில் என் கோபம் உங்களுக்குப் புரிகிறதா? ஸ்கேனர் வாங்க லட்சங்கள் வேண்டும். கேள்வி கேட்க என்ன செலவு?

அப்புறம் ரோட்டில் ஒரு ஓட்டம். நண்பர் ஓட்ட, மேஸ்திரி பக்கத்தில், நான் பின்னால். ஆட்டம் வந்ததும் மேஸ்திரி, "கிளட்ச்சை மிதிச்சு நியூட்ரல் பண்ணு. ஆக்சிலேட்டரை விட்டுடு" என்றார். வண்டி தானாக உருண்டது. இன்ஜின் சத்தம் அடங்கிவிட்டது. ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

இந்த ஐந்து விநாடிச் சோதனையின் அர்த்தம் என்ன தெரியுமா? இன்ஜின் காரணமாக இருந்தால், இன்ஜின் வேகம் இறங்கியதும் ஆட்டமும் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கோளாறு உருளுகிற பகுதியில்: சக்கரம், அச்சு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். இன்ஜின் மவுண்டிங் மாற்றிய பணம் அந்த இடத்திலேயே வீண் என்று தெரிந்துவிட்டது. (இதை நீங்களும் செய்து பார்க்கலாம். காலியான நேர் ரோடாகப் பார்த்துச் செய்யுங்கள். சாவியை மட்டும் திருப்பி அணைத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.)

அடுத்து, சக்கரமா, ஷாஃப்டா? இதற்கும் கம்ப்யூட்டர் வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். 70 கிலோமீட்டர் வேகத்தில் ஜீப் நொடிக்குச் சுமார் 19 மீட்டர் போகிறது. டயரின் சுற்றளவு இரண்டே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 9 சுற்று. கிரவுன்-பினியன் விகிதம் இந்த மாதிரி வண்டிகளில் நாலு சொச்சம் இருக்கும். ஆகவே சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் சுற்றும். நொடிக்கு 36 என்று வையுங்கள். நொடிக்கு 9 தடவை ஆடுவது கைக்கும் கண்ணுக்கும் தெரிகிற உதறல். ஸ்டியரிங் குலுங்கும், முன் சீட்டுக்காரரின் தொந்தி குலுங்கும். நொடிக்கு 36 என்பது குலுக்கல் இல்லை, கிறுகிறுப்பு. ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் இருக்கும் கிராஸில் கோளாறு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி, அதாவது நொடிக்கு 70-க்கு மேல். அது காதில் ரீங்காரமாகவே கேட்கும். தரையில் கால் வைத்தால் பாதம் மரத்துப்போகிற மாதிரி இருக்கும்.

மேஸ்திரிக்கு இந்தக் கணக்கு தெரியுமா? தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் வைத்தார். "இது டயரு இல்ல. ஷாஃப்டு" என்றார். புது டயர் இரண்டும் வீண்.

ஃபோர் வீல் ஜீப்பில் இன்னொரு சிக்கல். ஷாஃப்ட் ஒன்றல்ல, இரண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னச்சுக்கு ஒன்று, முன்னச்சுக்கு ஒன்று. நீங்கள் டூ வீலில்தான் ஓட்டுகிறேன் என்பீர்கள். முன் ஹப்பில் லாக்கை விடுவிக்கிற வசதி இல்லாத வண்டியில், நீங்கள் லீவரைத் தொடாவிட்டாலும் முன் சக்கரங்கள் முன் ஷாஃப்டைச் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிறவர்கள் ஆபீஸைக் கெடுப்பதுபோல, வேலையில்லாத அந்த ஷாஃப்டும் வண்டியை ஆட்டலாம். எனவே மேஸ்திரி முன் ஷாஃப்டின் போல்ட்டுகளைக் கழற்றி, அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு இன்னொரு ஓட்டம் விட்டார். ஆட்டம் அப்படியே இருந்தது. முன் ஷாஃப்ட் நிரபராதி.

மிச்சம் இருந்தது பின் ஷாஃப்ட். அடியில் படுத்து, துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, ஷாஃப்டின் நடுவே இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நுழையும் பல் வெட்டிய இடத்தைத் துடைத்தார். என்னைக் கூப்பிட்டார். நானும் வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் படுத்துப் பார்த்தேன். பழைய கிரீஸ் போனதும் ஒரு துண்டில் சின்ன அம்புக்குறி தெரிந்தது. இன்னொரு துண்டிலும் ஒன்று. இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு பல் தள்ளி நின்றன, சண்டை போட்ட சம்பந்திகள்போல.

கிளட்ச் பிளேட் மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். அந்தப் பையன் கழற்றும்போது துண்டுகள் பிரிந்திருக்கின்றன. மாட்டும்போது அம்புக்குறியைப் பார்க்கவில்லை. நுழைந்தது, மாட்டினான்.

ஒரு பல் தள்ளினால் என்ன பிரளயம் என்று கேட்கலாம். கிராஸ் வைத்த மூட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. சாய்வாக இணைத்த இரண்டு தண்டுகளில் ஒன்றைச் சீராகச் சுற்றினால் மற்றது சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். சாய்வு 10 டிகிரி இருந்தால் வேகம் ஒன்றரை சதவிகிதம் கூடியும் குறைந்தும் போகும். மூன்றரை நூற்றாண்டுக்கு முன்னால் ராபர்ட் ஹூக் தலையை உடைத்துக்கொண்ட விஷயம் இது. இதற்குத் தீர்வு, மறுமுனையில் இன்னொரு மூட்டை வைத்து, முதல் மூட்டு செய்த குளறுபடியை இரண்டாவது சரிக்குச் சரி திருத்துவது. இரண்டு நுகங்களும் ஒரே வாட்டத்தில் நின்றால்தான் அந்தத் திருத்தம் நடக்கும். ஒரு பல் தள்ளினால் திருத்தம் அரைகுறை. பாக்கி அத்தனையும் உங்கள் தரைக்கும் கியர் கம்பிக்கும் வந்து சேரும். அதற்காகத்தான் அந்த அம்புக்குறி. கம்பெனிக்காரன் வேலை மெனக்கெட்டு அங்கே குத்தி வைத்தது அழகுக்கு அல்ல.

மேஸ்திரி ஷாஃப்டை இறக்கி, அம்பை அம்புக்கு நேராக்கி, மாட்டினார். ஓட்டிப் பார்த்தோம். 55. 60. 70. கண்ணாடியில் லாரி ஒன்றாகத் தெரிந்தது.

இதோடு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. ஷாஃப்டைக் கழற்றியபோதே ஒரு கிராஸின் தொப்பியைச் சுற்றித் துரு நிறத்தில் சன்னமான தூள் படிந்திருந்ததைப் பார்த்து வைத்திருந்தார். உள்ளே கிரீஸ் வற்றி, ஊசி பேரிங் அரைபட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். "ஆட்டத்துக்கு இது காரணம் இல்ல. ஆனா இன்னும் கொஞ்ச நாள் போனா இது உடையும்" என்றார். ஓடுகிற வண்டியில் கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முன்முனை ரோட்டில் குத்தினால் என்ன ஆகும் என்பதை லாரிக்காரர்களைக் கேளுங்கள். அந்தக் கிராஸ் சில நூறு ரூபாய்ச் சாமான். டயர், ஷாக் அப்சார்பர் என்று நாலு தடவை வண்டியைத் தூக்கி நிறுத்திய சர்வீஸ் சென்டரில், கழுத்தை நிமிர்த்தி ஒரு தடவை மேலே பார்த்திருந்தால் அந்தத் துருத் தூள் தெரிந்திருக்கும்.

ஒன்றை கவனித்தீர்களா? அம்பைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் கிராஸை மாற்றினார். இரண்டையும் ஒரே மூச்சில் செய்திருந்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போயிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். பி.எச்டி. மாணவர்களுக்கு லேபில் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

உடனே, "பார்த்தீர்களா, பழைய ஆள் பழைய ஆள்தான், நம் பாரம்பரிய ஞானம்..." என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எனக்கு அந்தப் பஜனையில் நம்பிக்கை இல்லை. ஷாஃப்டைத் தப்பாக மாட்டியதே ஒரு தெருவோரப் பட்டறைதான். நம் ஊர்ப் பட்டறைகளில் பாதிக்கு மேல் சுத்தியல் வைத்தியம். அடித்தால் நுழையும், நுழைந்தால் சரி. வம்பு செய்தது தகரக் கொட்டகை. கண்டுபிடிக்கத் துப்பில்லாமல் போனது கண்ணாடிக் கட்டடம். இரண்டு பேருக்கும் பொதுவான வியாதி ஒன்று இருக்கிறது. 'ஏன்' என்று கேட்காமல் கழற்றி மாட்டுவது.

இந்த வியாதிக்கு யார் காரணம்?

முதல் காரணம், பில். உங்களிடம் இருக்கும் சர்வீஸ் பில் எதையாவது எடுத்துப் பாருங்கள். பார்ட்ஸுக்கு வரி இருக்கும். லேபருக்கு வரி இருக்கும், அதுவும் எந்த பார்ட்டை மாட்டினார்கள் என்பதை ஒட்டி. யோசித்ததற்கு வரி இருக்கிறதா? ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, "உங்கள் வண்டியில் எதையும் மாற்ற வேண்டாம்" என்று கண்டுபிடித்த மெக்கானிக்கால் அந்த சர்வீஸ் சென்டருக்குப் பைசா வருமானம் இல்லை. ஷாக் அப்சார்பர் நாலும் மாற்றச் சொன்னவரால் வருமானம் உண்டு. மாதக் கடைசியில் டார்கெட் கேட்பார்கள் அல்லவா? இதில் எந்த மெக்கானிக் யோசிப்பார்? அங்கே இருப்பவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்லவே இல்லை. டிப்ளமோ படித்த கெட்டிக்காரப் பையன்கள். யோசித்தால் நஷ்டம் என்று ஏற்பாடு செய்து வைத்துவிட்டு அவர்களைத் திட்டி என்ன பயன்?

இரண்டாவது காரணம், கம்பெனிகள். வெளிப் பட்டறைக்கு உதிரிபாகம் தராதே, ரிப்பேர் புத்தகம் தராதே, பரிசோதனைக் கருவி தராதே. வாடிக்கையாளர் வெளியே போனால் வாரன்டி போச்சு என்று மிரட்டு! இது நான் கற்பனையாகச் சொல்வதல்ல. 2011-ல் ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரில் தொடங்கி, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது இதற்காகத்தான். அந்தப் பட்டியலைப் பார்த்தால், நம் ரோட்டில் ஓடும் கார்களில் யாரை விட்டார்கள் என்று தேடவேண்டியிருக்கும். பிறகு அப்பீல், வழக்கு, இழுபறி. 2016-ல் அப்பீலில் சில கம்பெனிகளுக்கு அபராதம் வெகுவாகக் குறைந்தது. 2022 ஜூலையில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு கமிட்டி போட்டது. அந்த டிசம்பரில் ஒரு போர்ட்டலும் திறந்தார்கள். கார், போன், டிராக்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அதில் உண்டு. கம்பெனி கையைப் பிடித்துக் கேட்கும் சட்டத்தை மட்டும் கூடவே கொண்டுவரவில்லை. போர்ட்டலில் போய்ப் பார்த்து ரிப்பேர் செய்துகொள்ள வேண்டியதுதான்.

வெளிப் பட்டறை எதற்கு, கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்கிறவர்கள் மறைமலை நகரை நினைத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022-ல் அங்கே உற்பத்தி நின்றது. அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்த எண்டெவர்கள் ஃபோர் வீல் டிரைவும் கையுமாக ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பெனி என்ன செய்தாலும் கிராஸில் கிரீஸ் வற்றத்தான் செய்யும்.

மூன்றாவது, அரசாங்கம். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கினார்கள். பழைய வண்டியை ஒழித்துக்கட்டுங்கள் என்பது கொள்கை. புகை கக்கும் வண்டி போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அம்புக்குறி ஒரு பல் தள்ளியதால் ஆடும் வண்டியும் 'பழசு சார், அப்படித்தான் இருக்கும்' என்ற கணக்கில் ஸ்கிராப்புக்குப் போகிறதே? என் நண்பரின் ஜீப் போயிருக்கும், மயிரிழையில் தப்பியது. பிழைப்பு ஜீப்பில் இருக்கிற மனிதருக்குப் புதிய ஃபோர் வீல் வண்டி என்றால் பத்து லட்சத்துக்கு மேல் கடன். கொள்கை எழுதுகிறவர்கள் யாரும் வல்லம் வடகாலில் மழைக்காலத்தில் மண் நிரவுவதில்லை.

பயிற்சி? 2023-ல் ஒரகடம் ஐ.டி.ஐ.யில் முதலமைச்சர் 'தொழில் 4.0' மையத்தைத் திறந்துவைத்தார். மாநிலம் முழுக்க 71 அரசு ஐ.டி.ஐ.க்கள், டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டம். ரோபோ, மின்வாகனம் எல்லாம் கற்றுத்தருகிறார்கள். நல்ல விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு சின்ன விண்ணப்பம். அந்த ரோபோவுக்குப் பக்கத்திலேயே பழைய ஜீப் ஒன்றை நிறுத்துங்கள். வாத்தியார் ராத்திரியோடு ராத்திரியாக அதில் ஒரு கோளாறைச் செய்து வைக்கட்டும். ஒரு சக்கரத்தின் உட்பக்கம் களிமண் அப்பட்டும். ஷாஃப்டை ஒரு பல் தள்ளி மாட்டட்டும். முன் டயரையும் பின் டயரையும் வேறு வேறு சைஸில் போட்டு ஃபோர் வீலில் ஓட்டச் சொல்லட்டும். காலையில் பையன்கள் வந்து, எந்த பார்ட்டையும் மாற்றாமல், என்ன கோளாறு, ஏன் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுக்க வேண்டும். மார்க் அந்தத் தாளுக்குத்தான். மின்வாகனம் வந்தாலும் சக்கரம் உருளத்தான் போகிறது, பேரிங் தேயத்தான் போகிறது.

நாலாவது காரணம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்குப் பட்டறைக்கே திரும்பிப் போகவேண்டும்.

வேலை முடிந்தது. மூன்று மணி நேரம். இரண்டு தடவை ரோட்டு ஓட்டம், முன் ஷாஃப்டைக் கழற்றி மாட்டியது, பின் ஷாஃப்டை இறக்கி ஏற்றியது, கிராஸ் மாற்றியது, எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்தது. நண்பர் பர்ஸை எடுத்தபடி, "எவ்ளோ மேஸ்திரி?" என்றார்.

"கிராஸு வாங்குன பில்லு தனியா குடுத்துடுங்க. கூலி 800 ரூபா."

நண்பர் முகம் சுருங்கியது. "என்ன மேஸ்திரி, 800-ஆ? புதுசா ஒண்ணுமே போடலியே. ஒரு பல் தள்ளி மாட்டினதுக்கு எண்ணூறா?"

41,300 ரூபாய்க்கு மூச்சு விடாமல் கார்டைத் தேய்த்தவர். எனக்குத் தெரியும், அவர் கெட்டவர் இல்லை, கஞ்சனும் இல்லை. அங்கே கையில் நாலு ஷாக் அப்சார்பர் பெட்டி கொடுத்தார்கள். இங்கே கையில் ஒன்றும் இல்லை. உங்களைக் கேட்கிறேன். நீங்களாக இருந்தால்?

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. காதில் இருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தார். நண்பர் அறுநூறு என்றார், பிறகு எழுநூறு என்றார். நான் குறுக்கே விழுந்து மானத்தைக் காப்பாற்றி 800 கொடுக்கவைத்தேன். கிளம்பும்போது மேஸ்திரி ஜீப்பின் ஜன்னலில் குனிந்து, "அந்தக் கிளட்ச்சு மாத்துன பையனை ஒருநாளு இங்க அனுப்புங்க. திட்ட மாட்டேன், அம்பைக் காட்டணும்" என்றார்.

நண்பர் சொல்லிப் பார்த்தாராம். அந்தப் பையன் பட்டறையை மூடிவிட்டு, ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபராகச் சேர்ந்துவிட்டானாம். ஒரே ஒரு போல்ட்டை நாளெல்லாம் முடுக்குகிற வேலை.